காற்றின் விலை: விநாடியில், கிலோகிராமில், யென்னில்

2004 ஆகஸ்ட் 15 அன்று ஏதென்ஸ் அருகே ஸ்கீனியாஸ் செயற்கை நீர்த்தடத்தில் அமெரிக்க ஆண்களின் எட்டுப் பேர் படகு 2,000 மீட்டரை 5 நிமிடம் 19.85 விநாடியில் கடந்தது. அதுவரை உலகில் எந்தப் படகும் அந்த நேரத்தை எட்டியதில்லை. ஒரு வாரம் கழித்து, ஆகஸ்ட் 22 அன்று, அதே அணி அதே நீரில் ஒலிம்பிக் தங்கம் வென்றது. எடுத்த நேரம் 5 நிமிடம் 42.48 விநாடி. வேறுபாடு 22.63 விநாடி, விழுக்காட்டில் 7.1. இரண்டு ஓட்டங்களையும் ஒரே கணத்தில் தொடங்கிவைக்க முடிந்திருந்தால், முதல் ஓட்டத்தின் படகு கோட்டைத் தொடும்போது இறுதிப் போட்டியின் படகு 132 மீட்டர் பின்னால் இருந்திருக்கும். எட்டுப் பேர் படகின் நீளம் சுமார் 17.5 மீட்டர் என்பதால் இது ஏழரைப் படகு நீளம். ஏழு நாளில் ஓர் அணியின் உடல்வலு 7% குறைவதில்லை. எஞ்சிய காரணங்களில் முதலில் நிற்பது காற்று.

ஆண்கள் ஒற்றையர் பிரிவில் ஒலிம்பிக் தங்கம் வென்றோரின் நேரங்களை வரிசையாக வைத்தால் இது இன்னும் தெளிவாகும். 2000 சிட்னி 6:48.90, 2004 ஏதென்ஸ் 6:49.30, 2008 பெய்ஜிங் 6:59.83, 2012 லண்டன் 6:57.82, 2016 ரியோ 6:41.34, 2021-இல் நடந்த டோக்கியோ 6:40.45, 2024 பாரிஸ் 6:37.57. ஏழு போட்டிகளில் மிக மெதுவானதற்கும் மிக வேகமானதற்கும் இடைவெளி 22.26 விநாடி. 2004, 2008 இரண்டிலும் வென்றவர் நார்வேயின் ஓலாஃப் டுஃப்டே. இரண்டாம் முறை அவர் 10.53 விநாடி அதிகம் எடுத்தும் முதலாவதாகவே வந்தார். 2012, 2016 இரண்டிலும் வென்றவர் நியூசிலாந்தின் மாஹே ட்ரைஸ்டேல். நான்கு வயது கூடிய பிறகு 16.48 விநாடி குறைவாக எடுத்தார். வயது, உடல்நிலை, ஓட்ட உத்தி ஆகியவற்றுக்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் அவை மட்டுமே இந்தத் திசைகளை விளக்காது.

2017 ஜூனில் போலந்தின் போஸ்னான் நகரில் நடந்த உலகக் கோப்பைப் போட்டி மறுபக்கத்தைக் காட்டுகிறது. ஜெர்மனியின் எட்டுப் பேர் படகு 5:18.68, நியூசிலாந்தின் ராபி மேன்சன் ஒற்றையரில் 6:30.74. இரண்டும் அவ்வப் பிரிவில் அதுவரை எவரும் தொடாத நேரங்கள். மேன்சன் முறியடித்த 6:33.35 என்ற நேரமும் 2009-இல் இதே போஸ்னானில்தான் பதிவானது. ஒரே நீர்த்தடம் சிறந்த நேரங்களை மீண்டும் மீண்டும் தருகிறது என்றால், அந்த நேரங்களில் ஒரு பகுதி அணியுடையது, ஒரு பகுதி பின்காற்றுடையது என்று கொள்வதே பொருத்தம்.

எடுப்பது 41, கொடுப்பது 14

படகு விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் போகிறது என்று கொள்வோம். 2,000 மீட்டருக்கு 400 விநாடி, அதாவது 6:40. ஒற்றையர் பிரிவின் தங்க நேரத்துக்கு மிக அருகில். காற்று அசையாத நாளில் படகைத் தடுக்கும் மொத்த விசையில் பெரும்பங்கு தண்ணீருடையது. காற்றின் பங்கு ஏறத்தாழ 10 முதல் 15%. கீழ்வரும் கணக்கில் 10% என்றே வைத்துக்கொள்ளலாம். காற்றுத் தடை, படகும் காற்றும் ஒன்றையொன்று கடக்கும் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. எதிர்காற்று விநாடிக்கு 5 மீட்டர் (மணிக்கு 18 கிலோமீட்டர்) வீசினால் அந்த வேகம் 5-இலிருந்து 10 ஆகிறது. தடை 4 மடங்காகிறது. மொத்தத் தடை 100-இலிருந்து 130. அதே அளவு பின்காற்று வீசினால் காற்றுத் தடை பூச்சியமாகிறது. மொத்தம் 100-இலிருந்து 90. கூடுவது 30, குறைவது 10.

துடுப்பாளர் தரும் திறன் மாறவில்லை என்று கொண்டு இதை நேரமாக மாற்றினால், எதிர்காற்றில் 2,000 மீட்டருக்குச் சுமார் 441 விநாடி (7:21) ஆகும். பின்காற்றில் சுமார் 386 விநாடி (6:26). எதிர்காற்று 41 விநாடியை எடுக்கிறது. பின்காற்று 14 விநாடியைத்தான் கொடுக்கிறது. விகிதம் ஏறக்குறைய 3-க்கு 1. தண்ணீர் மட்டத்தை ஒட்டிக் காற்றின் வேகம் குறைவாக இருக்கும் என்பதால் நடப்பில் இரு எண்களும் சற்றுச் சுருங்கும். விகிதமும் குறையும்; ஆனாலும் எதிர்காற்றின் இழப்பே பெரிதாக இருக்கும். போய்த் திரும்பும் 4,000 மீட்டர் பயிற்சியில் இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்துகொள்ளும் என்ற எண்ணம் இங்கே செல்லாது: 441 + 386 = 827 விநாடி; காற்றில்லா நாளில் 800. இழப்பு 27 விநாடி.

23 சென்டிமீட்டர்

மேலே உள்ள கணக்கு தண்ணீர் தட்டையாக இருக்கும் என்று கொண்டது. காற்று அலையையும் எழுப்பும். கடற்பொறியாளர்கள் பயன்படுத்தும் ஜான்ஸ்வாப் சூத்திரப்படி, குறுகிய நீர்நிலையில் அலையின் உயரம் காற்றின் வேகத்துக்கு நேர்விகிதத்தில் வளரும்; காற்று தடையின்றி நீர்மேல் ஓடிவரும் தூரத்தின் வர்க்கமூலத்துக்கும் நேர்விகிதத்தில் வளரும். 2,000 மீட்டர் நீளத் தடத்தில் நெடுக்காக விநாடிக்கு 5 மீட்டர் காற்று வீசினால் கடைசி முனையில் அலை சுமார் 11 சென்டிமீட்டர். 10 மீட்டர் காற்றுக்குச் சுமார் 23 சென்டிமீட்டர். அதே 10 மீட்டர் காற்று 200 மீட்டர் அகலத்தில் குறுக்காக வீசினால் சுமார் 7 சென்டிமீட்டர்தான். 20 கிலோமீட்டர் திறந்த கடலில் சுமார் 72 சென்டிமீட்டர்.

23 சென்டிமீட்டர் கடலில் ஒரு பொருட்டல்ல. பந்தயப் படகில் அப்படியல்ல. ஒற்றையர் துடுப்பின் தகடு சுமார் 21.5 சென்டிமீட்டர் அகலம்; எட்டுப் பேர் படகின் துடுப்புத் தகடு சுமார் 25 சென்டிமீட்டர். அலையின் அடிக்கும் முகட்டுக்கும் இடைப்பட்ட உயரம் தகட்டின் அகலத்துக்குச் சமமாகிவிட்டால், துடுப்பு ஒரு வீச்சில் வெறுங்காற்றில் சுழலும். அடுத்த வீச்சில் முகட்டில் மாட்டும்.

அலை எந்த முனையில் பெரிதாகும் என்பதும் காற்றின் திசையைப் பொறுத்ததே. எதிர்காற்று முடிவுக்கோட்டிலிருந்து தொடக்கக்கோட்டை நோக்கி வீசுகிறது. ஆகவே பெரிய அலை தொடக்கத்தில் இருக்கும். முதல் 1,000 மீட்டரை விட்டுவிட்டு நடுவிலிருந்து ஓட்டத்தைத் தொடங்கினால் பெரும அலை 23-இலிருந்து 16 சென்டிமீட்டராகக் குறையும்; தூரத்தில் 50% வெட்டு, அலையில் 29% வெட்டு. பின்காற்றில் பெரிய அலை முடிவுக்கோட்டில் இருக்கும். அங்கே முடிவுக்கோட்டையே முன்னுக்குக் கொண்டுவந்தால்தான் அதே பயன் கிடைக்கும். நேரக் கருவிகளும் நடுவர் கோபுரமும் பார்வையாளர் அரங்கமும் இடம்பெயராது என்பதால் அது நடப்பதில்லை.

படகுக்குள் 100 லிட்டர்

உலகத் துடுப்புப் படகு விதிகளின்படி ஒற்றையர் படகின் குறைந்தபட்ச எடை 14 கிலோகிராம். இருவர் படகு 27. எட்டுப் பேர் படகு 96. துடுப்பாளர் ஒருவருக்கு முறையே 14, 13.5, 12 கிலோகிராம். 1 லிட்டர் தண்ணீர் 1 கிலோகிராம் என்பதால், ஒற்றையர் படகுக்குள் 14 லிட்டர் புகுந்தாலே படகின் எடை இரட்டிப்பாகிவிடும்.

எட்டுப் பேர் படகில் அமரும் பகுதியை 10 மீட்டர் நீளம், 0.5 மீட்டர் அகலம் என்று கொண்டால், 2 சென்டிமீட்டர் ஆழத்துக்குத் தேங்கும் நீர் 100 லிட்டர். ஆளுக்கு 90 கிலோகிராம் வீதம் எட்டுப் பேர் 720, சுக்கான் பிடிப்பவர் 55, படகு 96, கூட்டுத்தொகை 871. இத்துடன் 100 சேர்ந்தால் 971; உயர்வு 11.5%. எடை கூடும்போது நீரில் நனையும் பரப்பு எடையின் மூன்றில் இரண்டு அடுக்காக வளரும். அதே திறனில் நேரம் அந்த அடுக்கின் மூன்றில் ஒரு பங்காக வளரும். இந்தத் தோராயப்படி 5:30-இல் முடியவேண்டிய ஓட்டத்தில் இழப்பு சுமார் 8 விநாடி. ஏறத்தாழ 49 மீட்டர். படகுக்குள் நீர் முன்னும் பின்னும் ஓடிச் சமநிலையைக் குலைப்பதை இந்த எண் கணக்கில் எடுக்கவில்லை.

லண்டனில் ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் மோதும் படகுப் பந்தயம் 6.8 கிலோமீட்டர், கடல் ஏற்றத்தோடு தேம்ஸ் ஆறு உள்நோக்கிப் பாயும் நேரத்தில் நடப்பது. எதிர்த்து மேற்குக் காற்று வீசினால் நீரோட்டமும் காற்றும் மோதி அலை செங்குத்தாக எழும். 2025 வரை நடந்த 170 ஆண்கள் பந்தயங்களில் 1859, 1912, 1925, 1951, 1978 ஆகிய ஐந்து ஆண்டுகளில் படகு நீர் நிரம்பி மூழ்கியது, விழுக்காடு 2.9. இதில் 1912 மார்ச் 30 அன்று இரண்டு படகுகளுமே மூழ்க, ஏப்ரல் 1 அன்று பந்தயம் மறுபடி நடந்தது. ஆக்ஸ்ஃபோர்டு 6 படகு நீளத்தில் வென்றது. 1951 மார்ச் 24 அன்று ஆக்ஸ்ஃபோர்டு மூழ்கியது; இரண்டு நாள் கழித்து நடந்த மறுபந்தயத்தில் கேம்பிரிட்ஜ் 12 நீளத்தில் வென்றது.

1978-க்குப் பின் ஆண்கள் பந்தயத்தில் எந்தப் படகும் ஓட்டத்தின் நடுவே மூழ்கவில்லை. ஆறு மாறவில்லை, படகு மாறியது. 2007 ஜனவரி 1-க்குப் பின் கட்டப்படும் பந்தயப் படகுகள், அணி அமர்ந்த நிலையில் நீர் முழுக்க நிரம்பினாலும் இருக்கையின் மேற்பரப்பு நீர்மட்டத்துக்குக் கீழே 5 சென்டிமீட்டருக்கு மேல் இறங்காதபடி மிதக்க வேண்டும் என்பது விதி. இருக்கைகளுக்குக் கீழே அடைக்கப்பட்ட காற்றறைகள் இதைச் சாத்தியமாக்குகின்றன. தேம்ஸில் மின் பம்ப் பொருத்துவதும் இப்போது வழக்கம். 2016 பெண்கள் பந்தயத்தில் கேம்பிரிட்ஜ் படகு நீரில் அமிழ்ந்த நிலையிலும் கோட்டைத் தொட்டது. ஆக்ஸ்ஃபோர்டின் நேரம் 21:49. இடைவெளி 24 படகு நீளம். மிதவை விதி ஆளைக் காக்கும், வேகத்தைக் காக்காது.

எட்டில் இரண்டு

2016 ரியோ ஒலிம்பிக்கில் துடுப்புப் போட்டிக்கு ஆகஸ்ட் 6 முதல் 13 வரை 8 நாட்கள் ஒதுக்கப்பட்டிருந்தன, பிரிவுகள் 14. நகரின் நடுவே உள்ள லகோவா ரொட்ரிகோ டி ஃப்ரெய்டாஸ் காயலில் முதல் நாளே செர்பியாவின் ஆண்கள் இருவர் படகு கவிழ்ந்தது. 7-ஆம் தேதி ஓட்டங்கள் முழுவதும் நிறுத்தப்பட்டன; 10-ஆம் தேதியும் அவ்வாறே. 8-இல் 2 நாள் இழப்பு, 25%. எஞ்சிய 6 நாட்களில் 14 பிரிவுகளும் 13-ஆம் தேதிக்குள் முடிக்கப்பட்டன. 8 நாள் வேலை 6 நாளில் என்றால் நாளொன்றுக்கு ஓட்டங்கள் சராசரியாக 33% கூடும். அந்தக் கூடுதல் சுமை துடுப்பாளரின் ஓய்வு நேரத்திலிருந்து கழிகிறது.

டோக்கியோவில் வெப்பமண்டலப் புயல் முன்கூட்டியே கணிக்கப்பட்டதால் அட்டவணை முன்கூட்டியே மாற்றப்பட்டது. 2021 ஜூலை 27 அன்று தொடங்கவிருந்த பதக்க ஓட்டங்கள் 28-க்குப் போயின. ஆனாலும் போட்டி 30-ஆம் தேதியே முடிந்தது. இரண்டு போட்டிகளிலும் இறுதி நாள் நகரவில்லை. நகர்ந்தவை இடைநாட்கள் மட்டுமே.

நாளை மாற்றுவதைவிட மணியை மாற்றுவது மலிவு. 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் துடுப்புப் போட்டி நடந்த கசிடாஸ் ஏரியில் நண்பகலை ஒட்டிக் காற்று வலுக்கும். ஓட்டங்கள் காலையிலேயே நடத்தப்பட்டன. மேலே கண்ட சூத்திரப்படி காற்று விநாடிக்கு 8 மீட்டரிலிருந்து 2 மீட்டராகக் குறையும் நேரத்தைத் தேர்ந்தெடுத்தால் அலை நான்கில் ஒரு பங்காகும். வேறெந்த ஏற்பாடும் கட்டுமானச் செலவே இல்லாமல் 75% குறைப்பைத் தருவதில்லை.

ஒரு மீட்டருக்கு 1.5 கோடி யென்

நீரையே காற்றுக்கு ஏற்றபடி கட்டுவது மூன்றாவது வழி. விலையுயர்ந்த வழியும் அதுவே. 2012 ஒலிம்பிக் துடுப்புப் போட்டி நடந்த டார்னி ஏரி, ஈட்டன் கல்லூரிக்குச் சொந்தமானது. 2,200 மீட்டர் நீளம், 8 தடங்கள், குறைந்தது 3.5 மீட்டர் ஆழம். 2006-இல் முடிந்தபோது செலவு 1.7 கோடி பவுண்டு. மீட்டருக்குச் சுமார் 7,700 பவுண்டு. டோக்கியோவின் கடற்காட்டு நீர்த்தடம் இரண்டு நிரப்புநிலத் தீவுகளுக்கு நடுவே, இரு முனைகளிலும் மடை கட்டிக் கடலைத் தடுத்து உருவாக்கப்பட்டது. ஒலிம்பிக் விண்ணப்பத்தில் மதிப்பீடு 690 கோடி யென். பிறகு 10,380 கோடி யென் என்று உயர்ந்து, 4,910 கோடியாகக் குறைக்கப்பட்டு, இறுதியில் சுமார் 3,000 கோடி யென்னில் நின்றது. பந்தய நீளம் 2,000 மீட்டரால் வகுத்தால் மீட்டருக்கு 1.5 கோடி யென். ஒரு பவுண்டுக்கு 150 யென் என்ற தோராய விகிதத்தில் மொத்தம் 20 கோடி பவுண்டு. டார்னியைப் போல ஏறக்குறைய 12 மடங்கு. டோக்கியோவின் தொகையில் மடைகளும் நிரந்தர அரங்கமும் அடங்கும், டார்னியில் ஒலிம்பிக் அரங்குகள் தற்காலிகமானவை என்பதால் இந்த ஒப்பீட்டை அளவோடு எடுத்துக்கொள்ள வேண்டும்.

அலையை அடக்க டோக்கியோவில் மொத்தம் 5.6 கிலோமீட்டர் நீளத்துக்கு மிதவைகள் போடப்பட்டன. கடல்நீர் என்பதால் அவற்றில் சிப்பிகள் ஒட்டி வளர்ந்து மிதவைகளை அமிழ்த்தின. அகற்றப்பட்ட சிப்பி 14 டன். அகற்றிச் சீர்செய்த செலவு 14 கோடி யென். மீட்டருக்கு 2.5 கிலோகிராம் சிப்பி, 25,000 யென். கிலோகிராமுக்கு 10,000 யென். கட்டுமானச் செலவோடு ஒப்பிட்டால் இது 0.5% கூட இல்லை. ஆனால் கட்டுமானம் ஒரு முறைச் செலவு. சிப்பி மறுபடி வளரும்.

ஆறு தடங்களுக்கு ஒரே காற்று இல்லை

தடம் ஒன்றின் அகலம் 13.5 மீட்டர், ஆறு தடங்களுக்கு 81 மீட்டர். முதல் தடத்தின் நடுக்கோட்டுக்கும் ஆறாம் தடத்தின் நடுக்கோட்டுக்கும் இடைவெளி 67.5 மீட்டர். காற்று வரும் கரையிலிருந்து முதல் தடம் 20 மீட்டர் தள்ளி இருந்தால் ஆறாம் தடம் 87.5 மீட்டர் தள்ளி இருக்கும். விநாடிக்கு 10 மீட்டர் பக்கக்காற்றில் அலை முறையே சுமார் 2.3, 4.8 சென்டிமீட்டர். ஆறாம் தடத்துக்கு இரு மடங்கு.

கரையில் மரம் நட்டால் மொத்த அலை குறையும், சமமின்மை கூடும். காற்றுத் தடுப்பின் பயன் அதன் உயரத்தைப் போலச் சுமார் 10 மடங்கு தூரம் வரை தெரியும், தூரம் கூடக்கூடத் தேய்ந்துகொண்டே போகும் என்பது பொதுவான அளவுகோல். 10 மீட்டர் உயர மரவரிசையின் நிழல் 100 மீட்டர். 81 மீட்டர் அகலப் பந்தயத் தடம் முழுவதும் அந்தத் தேய்வுக்குள் விழுகிறது. ஒரு தடத்துக்கு 1% அனுகூலம் கிடைத்தால் 400 விநாடியில் 4 விநாடி. ரியோவில் ஆண்கள் ஒற்றையர் தங்கமும் வெள்ளியும் 6:41.34 என்ற ஒரே நேரத்தில் முடிந்தன. ட்ரைஸ்டேலையும் குரோவேஷியாவின் டாமிர் மார்ட்டினையும் பிரித்தது ஒளிப்படம் மட்டுமே. 4 விநாடி என்பது அந்த இடைவெளியின் நூற்றுக்கணக்கான மடங்கு.

ஆகவே உலகப் போட்டிகளில் நியாயக் குழு ஒன்று தடங்களை மறுபகிர்வு செய்யும்: முந்தைய சுற்றில் முன்னால் வந்த அணிகளுக்குச் சாதகமான தடங்கள் அடுத்தடுத்துத் தரப்படும். இது சமத்துவம் அல்ல. தகுதிவரிசையைக் காற்று கலைக்காமல் இருப்பதற்கான ஏற்பாடு. செலவு பூச்சியம். ஆறாவதாக வந்தவருக்கு மட்டும் அது பூச்சியம் இல்லை.

ஒரு சென்டிமீட்டர் வாஷர்

படகை மாற்றாமல் அதன் அமைப்பை மட்டும் மாற்றுவதில் கிடைக்கும் எண்கள் சிறியவை, விலையும் சிறியது. ஒற்றையர் துடுப்பின் நீளம் சுமார் 288 சென்டிமீட்டர்; கைப்பிடியிலிருந்து கொளுவி (துடுப்பைத் தாங்கும் கவ்வி) வரை 88, கொளுவியிலிருந்து தகட்டு நுனி வரை 200. வெளிநீளத்தை உள்நீளத்தால் வகுத்தால் 2.27. எதிர்காற்றில் இந்த விகிதத்தைக் குறைப்பது வழக்கம். துடுப்பைக் கொளுவியில் நிறுத்தும் கழுத்துப்பட்டையை 1 சென்டிமீட்டர் நகர்த்தினால் 199-க்கு 89, அதாவது 2.24, இழுவை 1.6% இலகுவாகும். துடுப்பையே 2 சென்டிமீட்டர் சுருக்கினால் 198-க்கு 88, அதாவது 2.25, 1% இலகுவாகும். மேலே கண்ட 30% கூடுதல் தடைக்கு முன் இது அற்பம்தான். தடையை இது குறைப்பதில்லை. வீச்சின் எண்ணிக்கை சரியாமல் காக்கிறது.

உயரத்தில் பயன் கூடுதல். கொளுவிக்குக் கீழே 1 சென்டிமீட்டர் கன வாஷர் சேர்த்தால், கை அதே உயரத்தில் திரும்பும்போது தகட்டு நுனி 1 + 2.27 = 3.27 சென்டிமீட்டர் உயரும். 23 சென்டிமீட்டர் அலையின் முகடு சராசரி நீர்மட்டத்துக்கு மேல் 11.5 சென்டிமீட்டர், அதில் 28%-ஐ ஒரு வாஷர் ஈடுகட்டுகிறது. 11 சென்டிமீட்டர் அலையில் ஈடு 59%. இதற்கு மேல் உயர்த்தினால் கை நெஞ்சுக்கு ஏறும்; இழுவிசை குறையும். சிறு திருத்தங்கள் நடுத்தரக் காற்று வரைக்கும்தான் செல்லும் என்பதை இந்த இரு விழுக்காடுகளே சொல்கின்றன.

29-க்கு 1, 8-க்கு 1

பந்தய ஒற்றையர் படகு சுமார் 8.2 மீட்டர் நீளம், நீர்மட்டத்தில் சுமார் 28 சென்டிமீட்டர் அகலம். விகிதம் 29-க்கு 1. கடலுக்கான ஒற்றையர் படகின் விதிகள் இதைத் திருப்பிப்போடுகின்றன: நீளம் அதிகபட்சம் 6 மீட்டர், அகலம் குறைந்தபட்சம் 75 சென்டிமீட்டர், எடை குறைந்தபட்சம் 35 கிலோகிராம், விகிதம் 8-க்கு 1. இருவர் படகுக்கு 7.5 மீட்டர், 1 மீட்டர், 60 கிலோகிராம். பழைய வேலைப் படகுகள் இன்னும் அகலம். 1838-இல் வில்லியம் பீட்டர்ஸ் கட்டிய கார்ன்வால் மாலுமிப் படகை அளவுகோலாகக் கொண்டு இன்றும் கட்டப்படும் ஆறு துடுப்புப் படகுகள் 9.75 மீட்டர் நீளம், 1.47 மீட்டர் அகலம், 6.6-க்கு 1. 2009-இல் ஸ்காட்லாந்தில் முதலில் நீரில் இறங்கிய செயின்ட் ஏல்ஸ் நான்கு துடுப்புப் படகு 6.7 மீட்டர் நீளம், 1.73 மீட்டர் அகலம், 3.9-க்கு 1.

அகலம் தரும் நிலைப்பு அகலத்தின் கன மடங்கு. கடல் ஒற்றையர் படகின் நீர்மட்ட அகலத்தை 50 சென்டிமீட்டர் என்றே குறைத்து மதித்தாலும், 50-ஐ 28-ஆல் வகுத்து மும்முறை பெருக்கினால் 5.7, நீளக் குறைவைக் கழித்தால் சுமார் 4.2 மடங்கு நிலைப்பு. பின்புறம் திறந்த அமைப்பு என்பதால் உள்ளே வரும் நீர் தானே வெளியேறுகிறது. 14 லிட்டர் கணக்கு இங்கே எழாது.

கொடுக்கும் விலை வேகம். துடுப்பாளர் 90 கிலோகிராம் என்றால் பந்தயப் படகுடன் 104, கடல் படகுடன் 125, உயர்வு 20%. முன் சொன்ன அதே தோராயப்படி எடைக்கு மட்டும் 4.2%, 400 விநாடியில் சுமார் 17 விநாடி. குட்டையான, அகலமான உருவம் எழுப்பும் அலைத்தடை இதற்கு மேல்.

இந்த விலையைக் கொடுக்க விளையாட்டு முன்வந்திருக்கிறது. கடல் துடுப்புக்கான உலக வாகையர் போட்டி 2007-இல் பிரான்சில் தொடங்கியது. கடற்கரை விரைவோட்டத்துக்கான உலக இறுதிப் போட்டி 2019-இல் ஷென்ஜெனில் தொடங்கியது: மணலில் 10 முதல் 50 மீட்டர் ஓட்டம், 250 மீட்டர் மிதவைகளைச் சுற்றி வெளியே, 250 மீட்டர் நேராகத் திரும்பி. 2,000 மீட்டர் நேர்த்தடத்துக்குப் பதில் எட்டில் ஒரு பங்கு நீளமே தேவை. மடையும் மிதவைவேலியும் தேவையில்லை. 2024 பாரிஸில் 14 பிரிவுகள். 2028 லாஸ் ஏஞ்சல்ஸில் 15. எடை வரம்புப் பிரிவுகள் 2 நீங்கி, கடற்கரை விரைவோட்டம் 3 சேர்ந்தன. பதக்கங்களில் 20% முதன்முறையாக அலைக்கென்றே கட்டிய படகுகளுக்குப் போகிறது.

சமநிலைப் புள்ளி

இரண்டு படகுகளையும் ஒரே அலகில் வைக்க முடியும். அலைக்கேற்ற படகு ஒவ்வொரு நாளும் வேகத்தில் ஒரு பங்கை இழக்கிறது; பந்தயப் படகு சில நாட்களை முழுதாக இழக்கிறது. எடை, உருவம் இரண்டையும் சேர்த்து வேக இழப்பு 10% என்று கொள்வோம். ஆண்டில் 300 பயிற்சி நாட்கள், நாளுக்குப் பந்தயப் படகில் 16 கிலோமீட்டர் என்றால் உச்சம் 4,800 கிலோமீட்டர். அலைக்கேற்ற படகு 300 நாளும் போய் 4,320 கிலோமீட்டர் கடக்கும். பந்தயப் படகு அதே 4,320-ஐ எட்ட 270 நாட்கள் போதும். காற்றால் இழக்கும் நாட்கள் 30-க்குக் கீழ் இருந்தால் பந்தயப் படகும், மேலே போனால் அகலப் படகும் இலாபம்.

விதி எளிது: இழக்கும் நாட்களின் விழுக்காட்டை இழக்கும் வேகத்தின் விழுக்காட்டோடு ஒப்பிட வேண்டும். ரியோவின் 25% இந்தக் கோட்டுக்கு வெகு மேலே, தேம்ஸின் 2.9% வெகு கீழே. இடைப்பட்ட இடங்களில் காலை ஓட்டமும் வாஷரும் போதுமா என்பதை முதலில் பார்ப்பதே முறை. அவற்றின் செலவு பூச்சியத்துக்கு அருகில். நீரைக் கட்டும் வழி இந்த வரிசையில் கடைசி. 3,000 கோடி யென் செலவிட்ட பிறகும் டோக்கியோவில் பதக்க ஓட்டங்கள் ஒரு நாள் தள்ளிப்போயின.